ஓங்கில் சிக்காத வலை: டெல்டா கடற்கரையில் புதிதாக வலை கட்டுவோருக்கு

பழையாறிலிருந்து கோடியக்கரை வரை, அங்கிருந்து மேற்கே திரும்பி மல்லிப்பட்டினம் வரை, காவிரி டெல்டாவின் கரை நெடுக ஃபைபர் படகுகளில் அதிகம் ஏறுவது செவுள் வலைதான். டீசல் குறைவு, ஆள் குறைவு, மீனும் தரமாக வரும். ஆனால் ஓங்கிலுக்கும் (டால்பின்) கடல்பசுவுக்கும் அதிகம் ஆபத்தானதும் இதே வலை. தங்கூசி நூல் (ஒற்றை இழை நைலான்) தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. ஓங்கிலின் காதுக்கும் அது சரியாகப் புலப்படாது.

இதற்குத் தீர்வு கேட்டால் பலரும் முதலில் ஒலி எழுப்பும் கருவியைச் சொல்வார்கள். கருவி பிறகு வரட்டும். வலையின் மேல்கயிறு கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறது, வலை எவ்வளவு தளர்வாகத் தொங்குகிறது, எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் கிடக்கிறது என்பவைதான் முக்கியம். இவற்றைக் கரையிலேயே, கையில் இருக்கும் கயிறையும் மிதவையையும் வைத்தே மாற்றலாம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் வலை வேலைக்கு ஆள் எளிதாகக் கிடைக்கும்.

எது சிக்குகிறது, ஏன் சிக்குகிறது

ஓங்கில், கடல்பன்றி, கடல்பசு (ஆவுளியா), திமிங்கலம் எல்லாமே நுரையீரலால் மூச்சு விடுபவை. வலையில் சிக்கிய மீன் விடியும் வரை உயிரோடு கிடக்கலாம். ஓங்கிலால் முடியாது. மேலே வந்து மூச்சு வாங்க வழியில்லாவிட்டால் சில நிமிடங்களில் செத்துவிடும். 'காலையில் வலை இழுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

ஓங்கில் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியால் வழி அறிகிறது. நைலான் நூலின் அடர்த்தி கிட்டத்தட்ட கடல்நீரின் அடர்த்திதான், அதனால் எதிரொலி மிகவும் மெல்லியதாக வரும். மிதவையும் ஈயமும் நன்றாக எதிரொலிக்கும். மேலே ஒரு வரிசைப் புள்ளி, கீழே ஒரு வரிசைப் புள்ளி தெரிய, நடுவில் திறந்த வழி இருப்பதுபோல் அதற்குத் தோன்றும். கானாங்கெளுத்திக் கூட்டத்தைத் துரத்தும் வேகத்தில் அந்த 'வழி'க்குள் புகுந்துவிடும். மூக்கு, பக்கத்துடுப்பு, வால் மடல் மூன்றும்தான் முதலில் மாட்டும். மாட்டியதும் அது உருளும். உருள உருள வலை சுருட்டிக்கொள்ளும்.

கடல்பசுவின் கதை வேறு. அதற்கு எதிரொலி அறிவு கிடையாது. ஆழம் குறைந்த இடத்தில் கடற்புல்லை மேய்ந்துகொண்டே போகும், சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விடும். 3 முதல் 7 ஆண்டுக்கு ஒரு கன்றுதான் ஈனும். அதனால் ஒரு பெண் கடல்பசு செத்தாலே அந்தப் பகுதிக்கு அது பெரிய இழப்பு.

முதலில் கடலைப் பிரித்துப் பாருங்கள்

டெல்டாவுக்கு இரண்டு கடல் உண்டு. இரண்டிலும் ஒரே வலையை ஒரே மாதிரி போடலாம் என்று நினைப்பதுதான் புதியவர்களின் முதல் தவறு.

கோடியக்கரைக்கு வடக்கே பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேதாரண்யம் என்று நீளும் கரை வங்கக் கடலைப் பார்த்தது. இங்கே வஞ்சிரம், சூரை, பாறைக்காக மேல்மட்டத்தில் விடும் மிதப்பு வலைதான் சிக்கலுக்குரியது. கொள்ளிடம், காவிரி, அரசலாறு, கடுவையாறு முகங்களில் கலங்கல் நீரில் மீன் சேரும், மீனைத் தேடி ஓங்கிலும் வரும். கரையோரக் கடல்பன்றிக்கு முதுகுத்துடுப்பு கிடையாது, படகுக்கு முன்னால் துள்ளவும் செய்யாது. 'இங்கே ஒன்றும் இல்லை' என்று தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். மழைக்காலத்தில் ஆற்று முகத்தை மறித்து வலை விடாதீர்கள்.

கோடியக்கரைக்கு மேற்கே முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கம் பாக் விரிகுடா. ஆழம் குறைவு, அடியில் கடற்புல். இங்கே அஞ்ச வேண்டியது அடியில் விடும் திருக்கை வலையும் இரவு முழுக்கக் கிடக்கும் நண்டு வலையும்தான். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய சுமார் 448 சதுர கி.மீ. கடலைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது.

மிதப்பு வலை கட்டும் முறை

கணக்குக்கு ஒரு மாதிரி வலையை எடுத்துக்கொள்வோம். வலையின் ஒரு கண்ணை இழுத்துப் பிடித்தால் 140 மி.மீ., ஆழத்துக்கு 60 கண், ஒரு துண்டின் மேல்கயிறு 50 மீட்டர். இப்படி 20 துண்டு சேர்ந்தால் 1,000 மீட்டர் வலை. உங்கள் வலையின் அளவு வேறாக இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், முறை அதேதான்.

முதல் படி, தளர்வைக் குறைப்பது. வலையை இழுத்துப் பிடித்த நீளத்தில் எத்தனை பங்கைக் கயிற்றில் கட்டுகிறோம் என்பதைக் கட்டு விகிதம் என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் வலையை 50 மீட்டர் கயிற்றில் கட்டினால் விகிதம் 0.5. விகிதம் 0.4, 0.3 என்று குறையக் குறைய வலை பை போலத் தொங்கும். அது மீனைச் செவுளில் பிடிப்பதை விட, வந்ததையெல்லாம் சுருட்டிப் பிடிக்கும். வஞ்சிரத்துக்கும் சூரைக்கும் அந்தச் சுருட்டல் தேவையில்லை.

0.5 விகிதத்தில் 50 மீட்டருக்கு 714 கண் வேண்டும். 0.6 என்றால் 595 கண் போதும். வலை ஆறில் ஒரு பங்கு மிச்சம். நான்கு கண்ணுக்கு ஒரு முடிச்சு போடுபவர் 0.5-ல் 28 செ.மீ. இடைவெளி விடுவார், 0.6-ல் 33.6 செ.மீ. விட வேண்டும். கண்மதிப்பில் கட்டினால் இது சரியாக வராது. ஒரு மூங்கில் குச்சியை அளவாக வெட்டி வைத்து ஒவ்வொரு முடிச்சுக்கும் அதை ஒட்டிப் பாருங்கள். கயிறு புதிய நைலானாக இருந்தால் நனையும்போது நீளம் மாறும், ஆகவே கட்டுவதற்கு முன் ஒரு நாள் கடல்நீரில் ஊறவைத்து, இழுத்துக் காயவிட்டு எடுங்கள்.

தளர்வைக் குறைத்தாலே ஓங்கில் மாட்டாது என்று சொல்ல முடியாது. மாட்டிய பிறகு சுருட்டிக்கொள்வது குறையும், அவ்வளவுதான். அடுத்த படிதான் முக்கியமானது.

இரண்டாம் படி, ஆழக் கணக்கு. மேல்கயிற்றை மட்டத்திலிருந்து 2 மீட்டர் கீழே இறக்கப்போகிறோம். கையை விரித்தால் வரும் ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர், ஆகவே ஒரு பாகத்துக்குச் சற்றுக் கூடுதல் என்று நினைவில் வையுங்கள். பாகிஸ்தான் கடலில் சூரைக்கான மிதப்பு வலைகளை இப்படி 2 மீட்டர் இறக்கிப் பார்த்தார்கள். 2021-ல் வெளியான அந்த முடிவின்படி ஓங்கில், திமிங்கல இனங்கள் சிக்குவது 78 சதவீத அளவுக்குக் குறைந்தது. இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையமும் 2019 தீர்மானத்தில் செவுள் வலைகளை 2 மீட்டர் ஆழத்தில் விடச் சொல்கிறது. வட ஆஸ்திரேலியாவில் 1980-களில் 4.5 மீட்டர் இறக்கிப் பார்த்தபோது ஓங்கில் சிக்குவது ஏறத்தாழப் பாதியானது, ஆனால் வஞ்சிர இன மீன்பாடும் கால் பங்கு குறைந்தது. அதிகம் இறக்கினால் அதிக நன்மை என்று எண்ண வேண்டாம். 2 மீட்டரில் தொடங்குங்கள்.

60 கண் × 140 மி.மீ. என்றால் இழுத்த ஆழம் 8.4 மீட்டர். 0.5 விகிதத்தில் கட்டிய வலை தண்ணீரில் அதில் 0.866 பங்கு, அதாவது 7.3 மீட்டர் தொங்கும். 0.6-ல் 0.8 பங்கு, 6.7 மீட்டர். இதோடு இறக்கிய 2 மீட்டரைச் சேர்த்தால் கீழ்கயிறு 9 மீட்டரை ஒட்டி நிற்கும். பாக் விரிகுடாவின் சராசரி ஆழமே 9 மீட்டர்தான். அங்கே இந்த வலை தரையில் உராய்ந்து சேறும் சங்கும் அள்ளும். நாகப்பட்டினத்துக்கு நேரே வெளிக்கடலில் சிக்கல் இல்லை. ஆழம் குறைந்த இடத்தில் பாடு (ஒருமுறை வலை விட்டு எடுப்பது) பார்ப்பவர் 40 கண்ணோடு நிறுத்தட்டும். 0.6-ல் அது 4.5 மீட்டர் தொங்கும், இறக்கத்தையும் சேர்த்து 6.5.

மூன்றாம் படி, மிதவைக் கணக்கு. மட்டத்தில் மிதக்கும் மேல்மிதவையிலிருந்து மேல்கயிற்றைத் தொங்கவிடும் கயிறுதான் தொங்குகயிறு. அதைக் கட்டினால் வலை தானாக இறங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மேல்கயிற்றில் உள்ள மிதவைகளின் தூக்கு வலையின் எடையை விட அதிகமாக இருந்தால் மேல்கயிறு மட்டத்துக்கே ஏறிவிடும். தொங்குகயிறு தளர்ந்து சுற்றிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் இறக்கிய வலை போலவே இருக்கும், ஆனால் பயன் பூச்சியம். இந்தத் தவறு கண்ணில் படாததால்தான் 'இறக்கிப் பார்த்தோம், ஒன்றும் மாறவில்லை' என்ற பேச்சு வருகிறது.

ஒரு துண்டின் எடையை இப்படிக் கணக்கிடுங்கள். நைலான் வலை 3 கிலோ என்றால் கடல்நீரில் அதன் எடை பத்தில் ஒரு பங்கு, 0.3 கிலோ. ஈயம் 3 கிலோ என்றால் நீரில் 0.91 பங்கு, 2.7 கிலோ. பாலிபுரொப்பிலீன் கயிறு மிதக்கும். மேலும் கீழும் இரட்டைக் கயிறாக 6 மி.மீ. கயிறு 200 மீட்டர், எடை 3.4 கிலோ, அது சுமார் 0.4 கிலோ தூக்கும். ஆக, துண்டு கீழே இழுக்கும் பாரம் 0.3 + 2.7 − 0.4 = 2.6 கிலோ.

மட்டத்தில் மிதக்கும் பழைய கட்டில், துண்டுக்கு 100 கிராம் தூக்கும் மிதவை 40 இருந்தது என்று வையுங்கள். மொத்தத் தூக்கு 4 கிலோ. அதில் 20-ஐக் கழற்றிவிடுங்கள். மீதி 20 மிதவை 2 கிலோ தூக்கும். இப்போது மேல்கயிறு 0.6 கிலோ பாரத்தோடு மெல்ல இறங்கும். கழற்றிய 20 மிதவைகளை நான்கு நான்காகச் சேர்த்து, ஐந்து மேல்மிதவைகளாக்கி, 10 மீட்டருக்கு ஒன்றாகத் தொங்குகயிற்றில் கட்டுங்கள். ஐந்தும் சேர்ந்து 2 கிலோ தூக்கும், தாங்க வேண்டியது 0.6. மூன்று மடங்குக்கு மேல் கையிருப்பு. புதிதாக ஒரு மிதவையும் வாங்க வேண்டியதில்லை.

மிதவையின் தூக்கைக் கடைக்காரர் சொல்வதை வைத்து எடுக்காதீர்கள். ஒரு வாளி கடல்நீரில் மிதவையைப் போட்டு, ஈயத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டுங்கள். மிதவை மூழ்கும் தறுவாயில் ஈயத்தை நிறுத்துப் பாருங்கள். 110 கிராம் வந்தால் தூக்கு 100 கிராம். பழைய ஸ்பாஞ்சு மிதவை நீர் குடித்துப் பாதித் தூக்கை இழந்திருக்கும், அதனால் பழையதில் பத்தையாவது எடுத்துத் தனித்தனியாகச் சோதியுங்கள்.

மேல்மிதவைக்குப் பதிலாக 5 லிட்டர் கேனைக் கட்டுவது ஊரெங்கும் உள்ள பழக்கம். கேன் 5 கிலோ தூக்கும். அலையோடு ஏறி இறங்கும்போது வலையையும் வெடுக்கென்று இழுக்கும், கண் கிழியும், மீன் ஒதுங்கும். இரண்டு முனைக் கொடிக்கு மட்டும் கேன் போதும்.

நான்காம் படி, தொங்குகயிறு. 4 மி.மீ. முறுக்கான, விறைப்பான கயிறாக இருக்கட்டும். முடிச்சுக்குப் போக 2 மீட்டர் சரியாக நிற்கும்படி 2.6 மீட்டராக வெட்டுங்கள். மெல்லிய, குழைவான கயிறு வேண்டாம், அதுவே துடுப்பில் சுற்றும். மேல்கயிற்றில் மிதவைக்குப் பக்கத்தில் கட்டுங்கள், இரு மிதவைக்கு நடுவில் கட்டினால் அந்த இடம் வளைந்து மேலே ஏறும். வலையைப் படகில் அடுக்கும்போது மேல்மிதவைகளை எல்லாம் ஒரே பக்கமாக, முன்னணியத்தை நோக்கி அடுக்குங்கள். கலந்து அடுக்கினால் விடும்போது தொங்குகயிறு கண்ணுக்குள் நுழைந்து 50 மீட்டரும் ஒரே உருண்டையாக இறங்கும். முதல் வாரம் நேரம் கூடப் பிடிக்கும். கைப்பழக்கம் வந்ததும் சரியாகிவிடும்.

ஐந்தாம் படி, கடலில் சரிபார்ப்பது. அமைதியான நாளில் இரண்டு துண்டை மட்டும் விட்டு, 2 மீட்டரில் சிவப்புத் துணி கட்டிய மூங்கில் கழியை மேல்மிதவைக்குப் பக்கத்தில் இறக்கித் தொட்டுப் பாருங்கள். அடுத்து, இரு மேல்மிதவைக்கு நடுவில் பாருங்கள். அங்கே மட்டும் கயிறு மேலே ஏறியிருந்தால் மிதவை இன்னும் அதிகம், துண்டுக்கு இரண்டைக் கழற்றுங்கள். 3 மீட்டருக்குக் கீழே போயிருந்தால் இரண்டைச் சேருங்கள்.

எந்த மீனுக்கு இது ஒத்துவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மட்டத்தை ஒட்டியே ஓடும் கோலா மீனுக்கு இறக்கிய வலை பயன்படாது. கோலா வலையை மேலேயே விட்டு, இரவு முழுக்கப் போடாமல் கூடவே நின்று எடுப்பதுதான் வழி. இறக்கிய வலைக்கு எதிர்பாராத ஒரு நன்மையும் உண்டு. குறுக்கே ஓடும் சிறு படகுகளின் காற்றாடி (புரொப்பல்லர்) மேல்கயிற்றை அறுப்பது குறையும்.

கயிறும் இணைப்பும்

ஒரு பெரிய திமிங்கலம் மாட்டினால் கயிறு அறுந்து போகவேண்டும், அது வலையையும் படகையும் இழுத்துக்கொண்டு போகக் கூடாது. வட அட்லாண்டிக்கில் இதற்காகச் சுமார் 770 கிலோ இழுவையில் அறும் கயிற்றைப் பயன்படுத்துகிறார்கள். நம் 6 மி.மீ. பாலிபுரொப்பிலீன் கயிறு அதற்குக் கீழேதான் அறும், 8 மி.மீ. ஒரு டன்னை ஒட்டித் தாங்கும். பாதுகாப்பு என்று நினைத்துத் தடிமனான கயிற்றுக்கு மாறாதீர்கள். இரு துண்டுகளை இணைக்கும் இடத்தில் ஒற்றைக் கயிறு மட்டும் ஓடட்டும். ஓங்கிலுக்கு இதனால் பயன் இல்லை, அதன் பலத்துக்கு இந்தக் கயிறு அறாது. துண்டுக்குத் துண்டு படகின் பதிவு எண்ணைக் குறித்து வைத்தால், அறுந்து போனதைக் கண்டெடுத்தவர் திருப்பித் தரலாம். கேட்பாரற்று மிதக்கும் தங்கூசி மாதக்கணக்கில் பிடித்துக்கொண்டே இருக்கும்.

பாக் விரிகுடாவில் அடிவலை

மேலே சொன்ன இறக்கும் முறை அடிவலைக்குப் பொருந்தாது, அது ஏற்கெனவே அடியில்தான் இருக்கிறது. ஒலிக் கருவியும் உதவாது. ஆஸ்திரேலியாவில் கடல்பசுக்களுக்கு அருகே ஒலிக் கருவிகளை வைத்துப் பார்த்தபோது அவை பொருட்படுத்தவே இல்லை. ஆகவே இங்கே வலை வடிவத்தை விட இடமும் நேரமுமே பெரிது.

திருக்கை வலையின் பெரிய கண்ணுக்குள் கடல்பசுவின் தலையும் துடுப்பும் சரியாக நுழையும். நூலும் தடிமன், அறாது. கடற்புல் உள்ள இடத்தில் இந்த வலையைப் போடவே வேண்டாம். பாதி வழி எதுவும் இதற்கு இல்லை. புல் எங்கே என்று தெரியாத புதியவர் ஊர்ப் பெரியவர்களிடம் 'தாழை எங்கே கிடக்கிறது' என்று கேட்டு, ஜிபிஎஸ்ஸில் அந்த எல்லையைப் புள்ளி வைத்துக்கொள்ளட்டும். வலை இழுக்கும்போது கண்ணில் பச்சைப் புல் துண்டு ஒட்டி வந்தால் நீங்கள் மேய்ச்சல் தரையில் நிற்கிறீர்கள் என்று பொருள். தரையில் புல் இல்லாத, பாம்பு போல வளைந்த தடங்கள் தெரிந்தாலும் அதேதான், அது கடல்பசு மேய்ந்த தடம்.

நண்டு வலையின் உயரத்தைக் குறைக்கலாம். நண்டு தரையில் நடப்பது, அதற்கு ஒன்றரை மீட்டர் வலைச்சுவர் எதற்கு? அரை மீட்டரிலிருந்து முக்கால் மீட்டருக்குள் தொங்கும்படி கண் எண்ணிக்கையைக் குறைத்து, மேல்கயிற்றில் உள்ள மிதவையையும் பாதியாக்குங்கள். நூல் மெல்லியதாக இருக்கட்டும். நீளத்தை ஒரே கோடாக இழுக்காமல் 200 மீட்டருக்கு ஒருமுறை வெட்டி, நடுவில் 50 மீட்டர் வழி விடுங்கள். கரைக்கு இணையாக நெடுஞ்சுவர் போல் விட்டால் மேய்ந்து திரும்பும் விலங்குக்கு வெளியேற வழி இருக்காது.

ஒலிக் கருவி, விளக்கு

பிங்கர் என்னும் ஒலிக் கருவியை வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, அது எல்லா இனத்துக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. 1990-களில் அமெரிக்காவின் மெய்ன் வளைகுடாவில் 10 கிலோஹெர்ட்ஸ் பிங்கர் கட்டிய வலைகளில் சிறு கடல்பன்றிகள் சிக்குவது பத்தில் ஒன்பது பங்கு குறைந்தது. அது கூச்ச சுபாவமுள்ள விலங்கு. பெரிய ஓங்கில் ஒலிக்குப் பழகிவிடலாம். வலையில் மீன் திருடப் பழகியது, ஒலி கேட்டால் 'சோறு போட்டாச்சு' என்று வருவதும் உண்டு. இரண்டு, ஒரு கருவி நின்றாலும் மொத்த வலையும் கெடும். வரிசையில் நடுவில் ஒன்று ஒலிக்காவிட்டால் அந்த இடைவெளியே வாசல் ஆகிவிடும்.

கட்டுவதானால் 100 மீட்டருக்கு ஒன்று வீதம், முனைகள் உட்பட 1,000 மீட்டருக்கு 11 வேண்டும். அதிகச் சத்தம் எழுப்பும் வகைகளை 200 மீட்டருக்கு ஒன்றாகவும் கட்டலாம், அப்போது 6. மேல்கயிற்றில் இரு மிதவைக்கு இடையில் இரு முனையையும் கட்டுங்கள், ஒரு முனை தொங்கினால் ஆடி ஆடிக் கண்ணில் சிக்கும். கருவியின் எடைக்கு ஈடாகப் பக்கத்தில் ஒரு மிதவை கூட்டுங்கள். 10 கிலோஹெர்ட்ஸ் ஒலி நம் காதுக்குக் கேட்கும், கரையிலேயே சோதிக்கலாம். 70 கிலோஹெர்ட்ஸ் வகை கேட்காது, அதற்கு விளக்கு மினுக்கும் மாடல் வாங்கி, ஒவ்வொரு பாட்டுக்கும் முன் மினுக்கலைப் பாருங்கள். ஆற்று முகத்திலும் குறுகிய ஓடையிலும் பிங்கர் கட்டாதீர்கள், அது விலங்கை அதன் சொந்த இடத்திலிருந்தே விரட்டிவிடும்.

பச்சை எல்இடி விளக்கை மேல்கயிற்றில் 10 மீட்டருக்கு ஒன்றாகக் கட்டிப் பெரு நாட்டில் பார்த்ததில், சிறு ஓங்கில்கள் சிக்குவது ஏறத்தாழ 70 சதவீதமும் ஆமை சிக்குவது 74 சதவீதமும் குறைந்தன (2020-ல் வெளியான முடிவு). ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிட வரும் நம் கரைக்கு இது கவனிக்கத்தக்கது. ஆனால் 1,000 மீட்டருக்கு நூறு விளக்கு, நூறு பேட்டரி என்றால் ஒரு ஃபைபர் படகுக்குக் கட்டுப்படியாகுமா என்பது வேறு கேள்வி. தீர்ந்த பேட்டரியைக் கடலில் எறிபவர் இதைத் தொடங்காமலே இருக்கலாம்.

வலையில் தகரம், காலிப் பாட்டில், பளபளப்புத் தாள் கட்டுவதை நம்பிச் செலவு செய்யாதீர்கள். நூலில் கனிமத் தூள் கலந்த வலைகளையும் பல நாடுகளில் செய்து பார்த்தார்கள். சில இடத்தில் பலன் கிடைத்தது, ஆனால் அது எதிரொலி கூடியதாலா நூல் விறைத்ததாலா என்பதிலேயே கருத்து வேறுபாடு. டென்மார்க்கில் இரும்பு ஆக்சைடு கலந்தபோது மீன்பாடும் சேர்ந்து குறைந்தது.

விடும்போது, காக்கும்போது

வலை விடும் முன் பத்து நிமிடம் இயந்திரத்தை நிறுத்திச் சுற்றிப் பாருங்கள். ஓங்கில் தெரிந்தால் வலையைத் தொடாதீர்கள், இரண்டு மூன்று கி.மீ. தள்ளிப் போய் விடுங்கள். இரவு முழுக்க ஒரே பாடாகக் கிடப்பதை இரண்டாகப் பிரித்து, இடையில் ஒருமுறை வலையை ஒட்டி ஓடிப் பாருங்கள். மேல்மிதவைகள் வரிசையாகத் தெரிவதால் எங்கே இரண்டு மூன்று சேர்ந்து அமிழ்ந்திருக்கின்றன என்பது டார்ச் வெளிச்சத்திலேயே புலப்படும். அங்கே உடனே போங்கள். நெத்திலி, கானாங்கெளுத்தி குடல்களை வலை ஓரமாகக் கொட்டாதீர்கள்.

சிக்கிவிட்டால்

இழுவையை உடனே நிறுத்துங்கள். ஓங்கிலின் மூச்சுத் துளை தலையின் உச்சியில் இருக்கிறது, அதை நீருக்கு மேலே வைப்பதுதான் முதல் வேலை. ஒருவர் வலையை இருபுறமும் தூக்கிப் பிடிக்க, மற்றவர் முனை மழுங்கிய கத்தியால் அறுக்கட்டும். துடுப்பில் சுற்றிய கண்களை உடலுக்கு வெளிப்பக்கமாக அறுங்கள், ஒரு நூல் துண்டும் உடலில் தங்கக் கூடாது. வாலில் கயிறு கட்டி இழுக்க வேண்டாம், முதுகெலும்பு விலகும். படகில் ஏற்ற வேண்டாம், தன் எடையே அதன் நெஞ்சை அழுத்தும். விட்ட பிறகு அது நீந்துகிறதா என்று சில நிமிடம் பார்த்துவிட்டு நகருங்கள்.

பெரிய திமிங்கலம் என்றால் நீரில் யாரும் இறங்கக் கூடாது. வலையை விட்டுவிட்டு, கடலோரக் காவல் படையின் 1554 எண்ணை அழையுங்கள்.

ஓங்கில், கடல்பன்றி, கடல்பசு, திமிங்கலம் எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. பிடிப்பதும் விற்பதும் குற்றம். அந்த அச்சத்தில் செத்ததைக் கல் கட்டி ஆழ்த்துகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் எந்த வலை, எந்த இடம் கொல்கிறது என்பதும் சேர்ந்தே ஆழ்ந்துவிடும். வனச்சரக அலுவலக எண்ணையும் மீன்வளத்துறை ஆய்வாளர் எண்ணையும் படகில் எழுதி ஒட்டுங்கள். உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தார் மூலமாகச் சொல்வதும் நல்ல வழி.

இது ஏற்றுமதியையும் தொடும். கடல் பாலூட்டிகள் சிக்குவதைத் தன் அளவுக்கு நிகராகக் கட்டுப்படுத்தாத மீன்பிடிப்பிலிருந்து வரும் சரக்கை வாங்குவதில்லை என்று அமெரிக்கா 2016-ல் விதி செய்தது. பலமுறை தள்ளிப்போய் 2026 ஜனவரி 1 அதற்கு நாளாகக் குறிக்கப்பட்டது.

பலன் உண்டா என்று பார்ப்பது

1,000 மீட்டர் வலையில் ஐந்து துண்டு பழைய கட்டு, ஐந்து துண்டு இறக்கிய கட்டு என்று மாற்றி மாற்றிச் சேருங்கள். ஒரு பாதியை மட்டும் மாற்றினால் கரைப்பக்கம், கடல்பக்கம் என்ற வேறுபாடு கணக்கைக் குழப்பும். பிங்கரை இப்படிக் கலந்து சோதிக்க முடியாது, அதன் ஒலி பக்கத்துத் துண்டுக்கும் போகும். அதற்கு ஒரு பாடு கட்டி, ஒரு பாடு கட்டாமல் பார்க்க வேண்டும்.

நோட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுத வேண்டியவை: நாள், விட்ட நேரம், எடுத்த நேரம், ஜிபிஎஸ் புள்ளி, ஆழம் எத்தனை பாகம், காற்று வாடையா கொண்டலா, நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம், பழைய துண்டில் எத்தனை கிலோ எந்த மீன், இறக்கிய துண்டில் எத்தனை கிலோ, ஓங்கில் கண்ணில் பட்டதா, சிக்கியது எது, எந்தத் துண்டில், மேல்கயிற்றிலிருந்து எத்தனையாவது கண்ணில். கடைசி விவரத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். மேல் பத்துக் கண்ணுக்குள்ளேயே சிக்குகிறது என்றால் இன்னும் அரை மீட்டர் இறக்கலாம். கீழே சிக்கினால் இறக்குவதில் பயன் இல்லை, இடத்தை மாற்ற வேண்டும்.

மீன்பாடு குறைந்ததா என்பது இருபது பாட்டில் தெரிந்துவிடும். ஓங்கில் விஷயம் அப்படியல்ல, அது எப்போதாவது சிக்குவது. முப்பது பாட்டில் ஒன்றும் சிக்கவில்லை என்றாலும், உண்மையில் பத்துப் பாட்டுக்கு ஒன்று சிக்கும் வலையாக அது இருக்க வாய்ப்பு உண்டு, கணக்குப்படி அவ்வளவுதான் உறுதி சொல்ல முடியும். ஒரு படகின் நோட்டு போதாது. ஒரே கரையில் பத்துப் படகு ஒரே மாதிரி கட்டி ஒரே மாதிரி எழுதினால், ஒரு பருவத்திலேயே சில நூறு பாடு சேரும். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அந்த நோட்டுகளோடு போனால் கண்ணளவு, நூல் தடிமன் பற்றி உங்கள் வலைக்கே ஏற்ற விடை கேட்கலாம்.